நடுத்தர விலை ஆண்ட்ராய்டு டேப்லெட்: எதைப் பார்த்து எடுப்பது?

கேமரா மெகாபிக்சலை விடுங்கள். நான் முதலில் தேடுவது ஸ்டோரேஜ் வகை. இஎம்எம்சி (மெதுவான பழைய வகை) என்றால், பின்னணியில் ஆப் அப்டேட் ஓடும்போது திரை திக்கித் திக்கி நகரும். யுஎஃப்எஸ் (வேகமான புதிய வகை) இருந்தால் அந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். "விர்ச்சுவல் ரேம்" என்பது ஸ்டோரேஜில் ஒதுக்கிய இடம்தான், மயங்காதீர்கள். 6 ஜிபி உண்மையான ரேம் இருக்கட்டும்.

அடுத்து வைட்வைன் நிலை. படங்களை நகலெடுக்க விடாமல் காக்கும் கூகுளின் பூட்டுதான் வைட்வைன். எல்3 என்று வந்தால், திரை எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் நெட்ஃபிளிக்ஸ் ஹெச்டியில் ஓடாது. எல்1 வேண்டும். படம் பார்க்கவே வாங்குகிறவர்களுக்கு இது ஒன்றே போதும், மாடலைக் கழித்துக்கட்ட.

பேட்டரி இந்த விலையில் நல்ல பலம். ஆனால் 8000 எம்ஏஹெச்சை 10 வாட் சார்ஜர் நிரப்ப மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். நான் இரவிலேயே மாட்டிவிடுவேன்.

பாதுகாப்பு அப்டேட் எந்த ஆண்டு வரை என்று சொல்லாத மாடலை நான் தொடுவதில்லை.