காருக்கும் எஃப்.சி. உண்டு: வேலூர்ப் பக்கமிருந்து பிரிட்டன் போகிறவர்களுக்கு

போன மாதம் லீவில் காட்பாடி வந்திருந்தபோது எதிர்வீட்டுப் பெண் அவள் அம்மாவோடு வந்தாள். நர்ஸ். லண்டனிலிருந்து தள்ளி ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருக்கிறது. குக்கர் எடுத்துப் போகலாமா, எத்தனை ஸ்வெட்டர் வேண்டும் என்றெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் கார் பேச்சுக்கு வந்தாள். நைட் ட்யூட்டிக்கு பஸ் கிடைக்காத ஊர்களில் கார் இல்லாமல் காலம் தள்ளுவது கஷ்டம். "வாங்கும்மா, ஆனா வருஷா வருஷம் எஃப்.சி. காட்டணும்" என்றேன்.

"இன்னாண்ணா, எஃப்.சி. லாரிக்கும் ஆட்டோவுக்கும்தானே?"

நம் ஊரில் அப்படித்தான். சொந்தக் கார் என்றால் பதினைந்து வருடத்துக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டியதில்லை. பொல்யூஷன் சர்டிஃபிகேட் ஒன்று இருந்தால் சரி. அதனால் குனிந்து டயரைப் பார்ப்பது, ஒவ்வொரு பல்பாக எரிகிறதா என்று பார்ப்பது எல்லாம் நமக்குப் பழக்கத்தில் இல்லை. பிரிட்டன் போன புதிதில் நம்மவர்கள் கார் ஃபெயில் ஆவதை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். பெரிய ரிப்பேரால் ஆனது குறைவு. முந்தின வாரம் காரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் சங்கதிகள்தான் அதிகம்.

அந்தச் சோதனைக்கு எம்.ஓ.டி. என்று பெயர். மினிஸ்ட்ரி ஆஃப் டிரான்ஸ்போர்ட் என்ற பழைய அமைச்சகப் பெயரின் முதல் எழுத்துகள். 1960-இல் பத்து வயதான கார்களுக்கு என்று தொடங்கி, 1967-இல் மூன்று வயது என்று இறக்கினார்கள். இன்றும் அதே மூன்று. வட அயர்லாந்தில் மட்டும் நான்கு. அதன்பிறகு வருடத்துக்கு ஒரு முறை. புதிதாகப் போகிறவர் வாங்குவது பெரும்பாலும் பழைய கார்தானே, அதனால் முதல் வருடத்திலேயே இது உங்கள் வாசலுக்கு வந்துவிடும். எம்.ஓ.டி. இல்லாமல் ஓட்டினால் 1,000 பவுண்டு வரை அபராதம் போடலாம், ரோடு டாக்ஸும் கட்ட முடியாது. சாலை ஓரத்து கேமராவே நம்பர் பிளேட்டைப் படித்துவிடும்.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் போல ஓர் இடம் தேடி அலைய வேண்டாம். நீலப் பலகையில் மூன்று வெள்ளை முக்கோணம் போட்டிருக்கும் கராஜ் எதிலும் செய்யலாம். காருக்கு 54.85 பவுண்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்று அரசே வரம்பு வைத்திருக்கிறது, பல இடங்களில் இதைவிடக் குறைவு. சில நகராட்சிகள் சொந்தமாகச் சோதனை மையம் வைத்திருக்கின்றன. அங்கே வெளியார் காருக்கு ரிப்பேர் வேலை எடுக்கமாட்டார்கள், சோதனை மட்டும்தான். இல்லாத குறையைச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் இருந்தால் அப்படி ஓர் இடம் பக்கத்தில் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

என் முதல் காரைப் பற்றிச் சொல்கிறேன். சோதனைக்கு முந்தின வாரம் ஆயில் மாற்றி, ஃபில்டர் மாற்றி, நல்ல காசு செலவழித்து சர்வீஸ் செய்திருந்தேன். ஃபெயில். பின்னால் நம்பர் பிளேட்டுக்கு மேலே இருக்கும் இரண்டு சின்ன பல்பும் எரியவில்லை, ஒரு வைப்பர் ரப்பர் கிழிந்திருந்தது. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு மழையில் நின்றது இன்னும் நினைவில் இருக்கிறது. எஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸ் எந்த நிலையில் இருக்கின்றன என்பது எம்.ஓ.டி.யில் வராது என்று அன்றுதான் தெரிந்தது. சர்வீஸ் வேறு, எம்.ஓ.டி. வேறு. ஒன்று செய்தால் இன்னொன்று செய்த மாதிரி ஆகாது.

விளக்குதான் அடிக்கடி காலை வாரும். ஹெட்லைட், இண்டிகேட்டர், பிரேக் லைட், பின்விளக்கு, நம்பர் பிளேட் விளக்கு எல்லாம் எரிய வேண்டும். நம்பர் பிளேட் விளக்கு இரண்டில் ஒன்று போனால் சின்னக் குறை, பாஸ் ஆகிவிடும். இரண்டும் போனால் ஃபெயில். பிரேக் லைட் எல்லாமே எரியவில்லை என்றால் அது ஆபத்தான குறை. தனியாக இருக்கிறவர் பிரேக் லைட்டை எப்படிப் பார்ப்பது? இருட்டியபின் ஒரு சுவருக்கோ கடைக் கண்ணாடிக்கோ பின்பக்கத்தைக் காட்டி நிறுத்தி, பிரேக்கை மிதித்துக்கொண்டு உள்ளே இருக்கும் ரியர்வியூ கண்ணாடியில் பாருங்கள். இரண்டு பக்கமும் சிவப்பு விழுந்தால் சரி.

டயர் விஷயத்தை வாயால் சொன்னால் புரியாது என்று அந்தப் பெண்ணை வாசலுக்குக் கூட்டிப்போனேன். அவள் தம்பியின் ஸ்விஃப்ட் நின்றிருந்தது, டி.என். 23 வண்டி. என் பர்ஸில் ஒரு இருபது பென்ஸ் காசு கிடந்தது. ஏழு பக்கம் உள்ள காசு, ஓரத்தில் மேடாக ஒரு விளிம்பு ஓடும், அகலம் சுமார் இரண்டரை மில்லிமீட்டர். அதை டயரின் பள்ளத்தில் செருக வேண்டும். விளிம்பு முழுக்க உள்ளே மறைந்தால் பயமில்லை, வெளியே தெரிந்தால் சரியான அளவுகோலால் உடனே அளந்துவிட வேண்டும். சட்டம் கேட்பது 1.6 மில்லிமீட்டர். டயர் அகலத்தின் நடு முக்கால் பாகத்தில், சுற்றளவு முழுக்க அந்த ஆழம் இருக்க வேண்டும். வெளிப்பக்கம் செருகினோம், விளிம்பு மறைந்தது. "நல்லாத்தானே இருக்கு" என்றான் தம்பி. ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பச் சொல்லி, மண்டியிட்டு உள்பக்கம் செருகினேன். விளிம்பு அப்படியே வெளியே நின்றது. வெளிப்பக்கம் புதுசு மாதிரி, உள்பக்கம் வழுக்கை. அலைன்மென்ட் போன வண்டி எல்லாம் இப்படித்தான் தேயும், நின்று பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. பள்ளத்தில் விழுந்து பக்கவாட்டில் புடைத்த டயரும் ஃபெயில்தான்.

இதில் இன்னொரு கண்டிப்பான விஷயம் உண்டு. தேய்ந்த டயரோடு போலீஸ் பிடித்தால் ஒரு டயருக்கு 2,500 பவுண்டு வரை அபராதமும் லைசென்ஸில் மூன்று புள்ளியும் விழலாம். அங்கே டெஸ்ட் பாஸ் செய்து முதல் லைசென்ஸ் வாங்கிய இரண்டு வருடத்துக்குள் ஆறு புள்ளி சேர்ந்தால் லைசென்ஸே ரத்து. அதாவது இரண்டு வழுக்கை டயர் போதும். அவ்வளவு கஷ்டப்பட்டு வாங்கிய லைசென்ஸை டயருக்காக விடாதீர்கள்.

அடுத்தது முன் கண்ணாடி. நம் வண்டிகளில் கண்ணாடிக்கு நடுவே எலுமிச்சையும் மிளகாயும், உள்ளே சாமி படம், மேலே பட்டையாக ஒரு பெயர். அங்கே டிரைவர் பார்வையை மறைக்கிற எதையும் ஏற்கமாட்டார்கள். பிள்ளையார் டாஷ்போர்டில் பார்வைக்குக் கீழே இருக்கட்டும், ஒன்றும் சொல்லமாட்டார்கள். கண்ணாடியில் தொங்குவதைச் சோதனைக்கு முன் எடுத்துவிடுங்கள். கல் தெறித்த விரிசலுக்குக் கணக்கு இருக்கிறது: ஸ்டியரிங்குக்கு நேர் மேலே, 290 மில்லிமீட்டர் அகலப் பட்டைக்குள் 10 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் ஃபெயில், வைப்பர் துடைக்கும் மற்ற இடத்தில் 40-க்கு மேல். குளிர்காலக் காலையில் உறைந்த கண்ணாடி மேல் வெந்நீர் ஊற்றாதீர்கள், சின்னப் புள்ளி ஒரே நொடியில் நீளக் கோடாகிவிடும். வாஷர் தண்ணீரை மறக்கவே கூடாது. டப்பா காலியாக இருந்து தண்ணீர் வராவிட்டால் அதற்கும் ஃபெயில் போடுவார்கள்.

நம்பர் பிளேட்டில் கைவைக்காதீர்கள். முன்னால் வெள்ளை, பின்னால் மஞ்சள், எழுத்தும் இடைவெளியும் விதிப்படி இருக்க வேண்டும். அழகுக்காக எழுத்தை நெருக்கி எழுதினால் அதுவே குறை. சாவியைத் திருப்பியதும் டாஷ்போர்டில் எரியும் ஏர்பேக், ஏ.பி.எஸ்., எஞ்சின் விளக்குகள் பிறகு அணைந்துவிட வேண்டும். 2012 முதல் ஓடத் தொடங்கிய காரில் டயர் காற்று விளக்கும் இந்தக் கணக்கில் சேரும். ஹாரன், சீட் பெல்ட் இரண்டையும் ஒரு நிமிடத்தில் நீங்களே பார்த்துவிடலாம்.

இதுவரை சொன்னது கண்ணுக்குத் தெரிவது. துருவும் ஸ்பிரிங்கும் வேறு. வேலூரில் வெயில் ரப்பரைத் தின்னும், அங்கே உப்பு இரும்பைத் தின்னும். உறைபனி நாட்களில் சாலையில் கல் உப்பைத் தூவுவார்கள், அது கரைந்து வண்டியின் அடியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பாலாற்றங்கரை வறட்சியில் இருபது வருடம் ஓடிய வண்டியின் அடிப்பாகம்கூட காய்ந்து கிடக்கும், அதைப் பார்த்தே வளர்ந்த நமக்குத் துருவை நினைத்துப் பார்க்கவே தோன்றாது. சோதிப்பவர் அடியில் நின்று சின்னச் சுத்தியலால் தட்டுவார். சஸ்பென்ஷனோ சீட் பெல்ட்டோ மாட்டியிருக்கும் இடத்திலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் இரும்பு அரித்துப் பலம் போயிருந்தால் ஃபெயில். வெல்டிங் செலவு சில சமயம் காரின் விலைக்கே வந்துவிடும். துருப்பிடித்த காயில் ஸ்பிரிங் ஒரு பள்ளத்தில் இறங்கும்போது முறிந்துவிடும். ஓட்டுகிறவருக்குத் தெரியாமல்கூடப் போகலாம்.

இதற்கு மருந்து வாங்கும் முன்னால்தான். அரசின் இணையதளத்தில் நம்பர் பிளேட்டை மட்டும் தட்டினால் அந்த காரின் பழைய சோதனை முடிவுகள் இலவசமாக வரும். எந்த வருடம் எதனால் ஃபெயில், பாஸ் ஆனபோதும் என்ன எச்சரிக்கை எழுதினார்கள், அன்று எத்தனை மைல் ஓடியிருந்தது, எல்லாம் இருக்கும். வருடா வருடம் துரு, துரு என்று எழுதியிருந்தால் விற்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வாங்காதீர்கள். நம் ஊர்க்காரர், தெரிந்தவர் என்று பார்க்காமல் விட்டு அவதிப்பட்டவர்களை எனக்குத் தெரியும். மைல் கணக்கு ஒரு வருடம் குறைந்திருந்தால் பேச்சையே நிறுத்திவிடுங்கள்.

தேதியில் ஒரு வசதி இருக்கிறது. சான்றிதழ் முடியும் நாளுக்கு முன்னால், ஒரு மாதத்துக்கு ஒரு நாள் குறைவான காலத்துக்குள் எப்போது செய்தாலும் அடுத்த வருடத் தேதி மாறாது. நவம்பர் 20-இல் முடிகிறது என்றால் அக்டோபர் 21 முதல் செய்யலாம். அப்போதே போங்கள். ஃபெயில் ஆனாலும் பழைய சான்றிதழ் உயிரோடு இருக்கும், ஆபத்தான குறை என்று எழுதாதவரை காரை வீட்டுக்கு எடுத்து வந்து சரிசெய்ய நாள் கிடைக்கும். ஆபத்து என்று எழுதிவிட்டால் அங்கேயே சரிசெய்யாமல் ஓட்டக் கூடாது. அந்த கராஜிலேயே விட்டு சரிசெய்தால் மறுசோதனைக்குப் பணம் இல்லை. வெளியே கொண்டுபோய் சரிசெய்து பத்து வேலை நாளுக்குள் திரும்பக் காட்டினால் பாதிக் கட்டணத்துக்கு மேல் வாங்கமாட்டார்கள். பல்பு, வைப்பர், டயர் போன்றவற்றை மறுநாள் வேலை நேரம் முடிவதற்குள் சரிசெய்து கொண்டுவந்தால் அதுவும் இல்லை.

அந்தப் பெண் தேதிக் கணக்கை போனில் குறித்துக்கொண்டாள். இருபது பென்ஸ் காசை அவளிடமே கொடுத்துவிட்டேன், காரில் போட்டு வைக்கச் சொல்லி. தம்பி இன்னும் டயருக்குப் பக்கத்தில்தான் குந்தியிருந்தான். "இன்னொரு காசு இருக்காண்ணா?" என்றான்.