சேட்டையா, ஏடிஹெச்டியா? முதலில் ஒரு நோட்டு போடுங்கள்

நான் மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். ஏடிஹெச்டி (ADHD) என்பது கவனக்குறைவோ, அளவுக்கு மீறிய துறுதுறுப்போ, இரண்டுமோ பிள்ளையைப் பாதிக்கிற ஒரு குறைபாடு. "மிஸ், பையன் ஒரு இடத்தில் உட்காரவே மாட்டேங்கிறான், ஏடிஹெச்டியா இருக்குமோ?" என்று கேட்கிற பெற்றோரிடம் நான் சொல்வது இதுதான்: பெயர் வைப்பதை டாக்டரிடம் விடுங்கள், நீங்கள் ஒரு நோட்டு போடுங்கள்.

அதில் 'சொன்ன பேச்சு கேட்கவில்லை' என்று எழுதினால் பயனில்லை. 'மாலை 6 மணி, பத்துக் கணக்கு. மூன்றாவதிலேயே தண்ணீர் குடிக்க எழுந்தான். பக்கத்தில் உட்கார்ந்ததும் ஏழு வரை போட்டான்' என்று நேரம், வேலை, எது உதவியது என மூன்றையும் எழுதுங்கள். இரண்டு வாரம் எழுதினாலே ஒரு போக்கு தெரியும்.

பள்ளி நோட்டையும் புரட்டுங்கள். முதல் நான்கு கணக்கு சரியாக இருக்கும். ஐந்தாவதில் கழித்தல் குறி இருக்க, கூட்டியிருப்பான். ஏழாவதைக் காணோம், நேராக எட்டாவதற்குப் போயிருப்பான். அதே கணக்கை வாயால் கேட்டால் டக்கென்று விடை வரும். பாடம் புரியாத பிள்ளை பெரும்பாலும் ஒரே மாதிரி தவறுவான். கவனம் நழுவுகிற பிள்ளையின் தவறு இடம் மாறிக்கொண்டே இருக்கும். வீட்டுப்பாடத்தை முடித்துப் பையிலேயே வைத்துக்கொண்டு, கொடுக்க மறந்து திட்டு வாங்குவதும் இந்தப் பிள்ளைகள்தான்.

ஓடுகிற, குறுக்கே பேசுகிற, வரிசையில் நிற்க முடியாத பையன் எல்லார் கண்ணிலும் படுவான். எனக்குக் கவலை, சத்தமே போடாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண் பிள்ளையைப் பற்றித்தான். 'அமைதியான பொண்ணு' என்று ரிப்போர்ட் கார்டில் எழுதிவிடுகிறோம். கவனக்குறைவு மட்டுமே உள்ள ஏடிஹெச்டியும் உண்டு. பெண் பிள்ளைகளுக்கு அது தாமதமாகத்தான் தெரியவருகிறது.

டாக்டர்கள் பார்க்கும் அளவுகோல் கறாரானது. கவனக்குறைவில் ஒன்பது, துறுதுறுப்பு-அவசரத்தில் ஒன்பது என்று அறிகுறிகள் உண்டு. ஏதாவது ஒரு பிரிவில் குறைந்தது ஆறு அறிகுறிகள் இருக்க வேண்டும். ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். வீடு, பள்ளி, டியூஷன் என்று இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும், படிப்பையோ மற்றவர்களோடு பழகுவதையோ பாதிக்கவும் வேண்டும். ஒரே ஒரு வகுப்பில் மட்டும் தொல்லை என்றால் முதலில் அந்த வகுப்பைத்தான் பார்க்க வேண்டும். வகுப்பிலேயே வயதில் சின்னப் பிள்ளையா என்றும் பாருங்கள். பத்து மாதம் மூத்தவனோடு ஒப்பிட்டால் யாரும் துறுதுறுப்பாகத்தான் தெரிவார்கள்.

"மொபைல் கொடுத்தால் ரெண்டு மணி நேரம் அசையாமல் உட்காருறானே" என்பார்கள். அதை வைத்து இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். திரையில் நொடிக்கு நொடி புதுசாக ஏதோ வருகிறது. சலிப்பான வேலையில் கவனத்தைப் பிடித்து வைப்பதுதான் இவர்களுக்குக் கஷ்டம்.

டாக்டரிடம் போகும் முன் கண், காது பரிசோதனை செய்துவிடுங்கள். தூக்கம் போதாத பிள்ளையும், எழுத்துக் கூட்டிப் படிக்கவே திணறுகிற பிள்ளையும் இதே மாதிரி நடந்துகொள்வார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே சில நொடி உறைந்துபோய், தொட்டாலும் திரும்பவில்லை என்றால் தள்ளிப்போடாதீர்கள், அது வலிப்பின் ஒரு வகையாக இருக்கலாம்.

குழந்தை மனநல மருத்துவர் அல்லது குழந்தைகள் வளர்ச்சி நிபுணரிடம் போகலாம். அரசு மருத்துவமனையில் டிஇஐசி (DEIC) எனப்படும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தைக் கேளுங்கள், பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைப் பார்க்கிற இடம் அது. ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ எடுத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. பேசியும், பெற்றோர், ஆசிரியர் நிரப்பும் படிவங்களை வைத்தும்தான் முடிவு செய்வார்கள். ஆறு வயதுக்குக் கீழே என்றால் பெரும்பாலும் பெற்றோருக்கான பயிற்சியில்தான் தொடங்குவார்கள். அதற்கு மேல் மாத்திரை தந்தால், பசியும் தூக்கமும் எப்படி இருக்கிறது என்று அதே நோட்டில் எழுதி வாருங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஆசிரியருக்கான படிவத்தைக் கேட் வாசலில் நீட்டாதீர்கள். பத்து நிமிடம் உட்கார்ந்து பேசி, உங்கள் நோட்டைக் காட்டிவிட்டுக் கொடுங்கள். பரீட்சை வாரம் மட்டும் வேண்டாம்.