முதல் மாரத்தான்: வடசென்னையில் ஓடிப் பழகுகிறவர்கள் செய்யும் தவறுகள்

காலை நாலேகால் மணிக்குக் காசிமேட்டில் தெருவிளக்கைவிட மீன் ஏலத்து வெளிச்சம்தான் அதிகம். ஐஸ் உடைக்கிறவர்கள், கூடையோடு ஆட்டோவுக்கு நிற்கும் பெண்கள், இவர்களுக்கு நடுவே அரை டிராயரும் பளபள ஷூவுமாக நாங்கள் நாலைந்து பேர். முதல் மாதம் ஒரு மீன்காரம்மா தினமும் கேட்பார்: "இன்னா தம்பி, யார் துரத்துறாங்க?" நான் பதில் சொல்ல நிற்க மாட்டேன். நின்றால் வாட்சில் காட்டும் சராசரி வேகம் குறைந்துவிடுமே என்ற பயம்.

என் முதல் மாரத்தானை, 42.195 கிலோமீட்டர் ஓட்டத்தை, கெடுத்தது அந்தப் பயம்தான். புதிதாகத் தயாராகும் தம்பி தங்கைகளோடு ஓடும்போது, பத்தில் எட்டுப் பேரிடம் அதையே பார்க்கிறேன்.

மெதுவாக ஓட வெட்கப்படுவது

5 கிலோமீட்டரை 30 நிமிடத்தில் ஓடுகிற ஒருவர் தினமும் அதே வேகத்தில்தான் ஓடப் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை 18 கிலோமீட்டர் என்றாலும் கிலோமீட்டருக்கு 6 நிமிடம். அவருக்கு அன்றைக்குச் சரியான வேகம் ஏழே கால், ஏழரை நிமிடம், வெயில் ஏறினால் எட்டு. "அது நடை மாதிரி இருக்குண்ணா" என்பார்கள். இருக்கட்டும். பக்கத்தில் ஓடுகிறவரோடு வீட்டு வாடகை பற்றியோ நேற்றைய மேட்ச் பற்றியோ முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் அதுதான் சரியான வேகம். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினால் குறைத்துவிட வேண்டியதுதான்.

ஜெயிப்பதற்கென்று ஓடும் பெரிய ஆட்களே இதைத்தான் செய்கிறார்கள். 2022 பெர்லின் மாரத்தானைக் கென்யாவின் எலியுட் கிப்சோகே 2 மணி 1 நிமிடம் 9 நொடியில் முடித்தார். கிலோமீட்டருக்கு 2 நிமிடம் 52 நொடி வருகிறது. அவருடைய பயிற்சியில் பெரும்பங்கு இதைவிட எவ்வளவோ மெதுவான ஓட்டம். தசைக்குள் நுண்ணிய ரத்தக்குழாய்கள் பெருகுவதும், கொழுப்பை எரித்து ஓட உடம்பு பழகுவதும் இப்படி மெதுவாக, நீண்ட நேரம் ஓடும்போது நடக்கிற வேலை.

இதில் மறைந்திருக்கும் கண்ணி ஒன்று உண்டு. இதயமும் மூச்சும் சில வாரங்களிலேயே பழகிவிடும். எலும்புக்கும் தசைநாணுக்கும் மாதக்கணக்கில் ஆகும். எங்களோடு ஓடிய வியாசர்பாடித் தம்பி ஒருவன் பாக்சிங் பழகியவன், மூச்சுக்குப் பஞ்சமே இல்லை. மூன்றாவது வாரமே 15 கிலோமீட்டரை எங்களுக்கு முன்னால் ஓடி முடித்துவிட்டு டீக்கடையில் உட்கார்ந்திருந்தான். ஏழாவது வாரம் முழங்காலுக்குக் கீழே, முன்னங்கால் எலும்பில் வலி. விரலால் ஒரே இடத்தைத் தொட்டுக் காட்டினான், ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னால் முகம் சுளித்தான். எலும்பில் மயிர்க்கோடு போல விரிசல். அந்த வருடம் அவனுக்கு மாரத்தான் இல்லை.

முன்னங்கால் முழுக்கப் பரவலாக வலித்து, ஓட ஆரம்பித்ததும் குறைந்தால் சில நாள் ஓய்வு கொடுத்து, தூரத்தைக் குறைத்துப் பார்க்கலாம். ஒரே புள்ளியில் குத்தி, ஓட ஓட ஏறினால் அன்றோடு நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரிடம் போங்கள். ஆரம்பத்தில் எடுக்கும் எக்ஸ்ரேயில் அந்த விரிசல் தெரியாமலும் போகலாம். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று அவன் மேலும் பத்து நாள் ஓடியதுதான் பெரிய தப்பு.

மழையை மறந்து கணக்குப் போடுவது

சென்னை மாரத்தான் ஜனவரித் தொடக்கத்தில் வருகிறது. முதல் முறை ஓடுகிறவருக்கு 16 முதல் 20 வாரம் வேண்டும். பின்னாலிருந்து எண்ணினால் ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவுக்குள் தொடங்க வேண்டும். சரி, அப்படியானால் 25, 28, 30 கிலோமீட்டர் ஓட வேண்டிய ஞாயிறுகள் எப்போது வரும்? நவம்பரிலும் டிசம்பரிலும். ஊருக்கு வடகிழக்குப் பருவமழை கொட்டுகிற அதே வாரங்கள். இணையத்தில் எடுத்த வெளிநாட்டு அட்டவணைக்கு இது தெரியாது. நாமாவது மூன்று ஞாயிறு போய்விடும் என்று எண்ணி முன்கூட்டியே தொடங்க வேண்டும்.

2023 டிசம்பரை இந்தப் பக்கத்துக்காரர்கள் மறக்க மாட்டார்கள். மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல். வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரம் வரை எண்ணெய்ப் படலம். மாதக் கடைசியில் 26-ஆம் தேதி இரவு எண்ணூரில் அமோனியா கசிவு. மாரத்தானுக்கு முந்தைய மாதம் மொத்தமும் போயிற்று.

வாரம் போவது தவறில்லை. போன வாரத்தை அடுத்த வாரத்தில் சேர்த்து ஓடுவதுதான் தவறு. இரண்டு வாரம் வீட்டில் இருந்துவிட்டு, மழை விட்ட ஞாயிறு 22-ல் இருந்து நேராக 32-க்குத் தாவுகிறவர்கள் உண்டு. விட்ட இடத்திலிருந்து, முடிந்தால் ஒரு படி கீழிருந்து தொடங்குங்கள். மிக நீண்ட பயிற்சி ஓட்டம் 30, 32 கிலோமீட்டர் வந்தால் போதும். முன்னதாக ஒரு முறையாவது 42 ஓடிப் பார்க்க வேண்டும் என்பது வீண் ஆசை. அதிலிருந்து தேறவே வாரங்கள் ஆகும்.

தேங்கிய தண்ணீரில் ஓடவே ஓடாதீர்கள். கீழே மூடியில்லாத பள்ளம் இருக்கலாம். காலில் சிறு புண் இருந்தால் எலிக்காய்ச்சலும் வரலாம்.

எங்கள் குழுவில் ஓர் அண்ணன் கார்த்திகையில் மாலை போட்டார். செருப்பே போடக் கூடாது, ஷூ எப்படிப் போடுவது? திடீரென்று வெறுங்காலில் 20 கிலோமீட்டர் ஓடினால் கெண்டைக்காலும் குதிகால் தசைநாணும் தாங்காது. அவர் அந்த மண்டலம் முழுக்க நடந்தார், மாரத்தானை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைத்தார். நான் அப்போது சிரித்தேன். அடுத்த வருடம் அவர் என்னைவிட 40 நிமிடம் முன்னால் முடித்தார்.

சாலையைக் கவனிக்காமல் ஓடுவது

காசிமேட்டிலிருந்து எண்ணூர் போய்த் திரும்பினால் இருபது கிலோமீட்டரைத் தாண்டிவிடும். ஒரு பக்கம் கடல், மேடு பள்ளம் இல்லை. தூரத்துக்கு இதைவிட நல்ல சாலை கிடையாது என்று தோன்றும். ஆனால் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கிற சாலையும் இதுதான். நிற்கும் இரண்டு லாரிக்கு நடுவிலிருந்து நீங்கள் வெளியே வருவது ஓட்டுநருக்குத் தெரியாது. வண்டி எதிரே வரும் பக்கமாக, அதாவது வலது ஓரமாக ஓடுங்கள். காதில் எதையும் மாட்டாதீர்கள். முதுகில் மினுக்கும் பட்டை இருக்கட்டும்.

சாலையின் ஓரம் வடிகாலுக்காகச் சரிந்திருக்கும். போகும்போதும் வரும்போதும் உங்களுக்கு வலது ஓரச் சரிவிலேயே ஓடினால் வலது கால் எப்போதும் சற்றுத் தாழ்வில் மிதிக்கிறது. ஒரு பக்க முழங்கால் மட்டும் வெளிப்புறமாக வலித்தால் ஷூவை மாற்றும் முன் இதை யோசித்துப் பாருங்கள்.

காற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, மணலி ஆலைகளின் காற்று எந்தத் திசையில் வீசுகிறது என்று இங்கே மூக்குக்கே தெரியும். நெடி அடிக்கிற அன்று தூரத்தை விடுங்கள். ஓடும்போது உட்கார்ந்திருப்பதைப் போலப் பல மடங்கு காற்றை உள்ளே இழுக்கிறோம். ஞாயிறு மட்டுமாவது ராயபுரத்திலிருந்து ராஜாஜி சாலை வழியாக மெரினாவுக்குப் போய்விடலாம். மாரத்தான் நடக்கிற பக்கமும் பழகிவிடும்.

வெறும் தண்ணீரும் வெறும் வயிறும்

தண்ணீர் குறைவாகக் குடிப்பது தவறு என்று எல்லோருக்கும் தெரியும். அதிகமாகக் குடிப்பதும் ஆபத்து என்பது பலருக்குத் தெரியாது. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்கு சோடியம் அளவு இயல்புக்குக் கீழே இருந்தது. வழியெல்லாம் நிறையக் குடித்து, ஓட்டத்தின் முடிவில் எடை கூடியிருந்தவர்களிடம்தான் இது அதிகம். தலைவலி, குமட்டல், குழப்பம் என்று தொடங்கி வலிப்பு வரைக்கும் போகலாம்.

நம் ஊரில் வியர்வை காய்வதே இல்லை, சட்டையைப் பிழியலாம். உடம்பு குளிர்வதற்கு வியர்வை ஆவியாக வேண்டும். ஆகாதபோது உடம்பு மேலும் மேலும் வியர்க்கும். உங்களுக்கு எவ்வளவு போகிறது என்று நீங்களே அளக்கலாம். நீண்ட ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் ஈரத் துணி இல்லாமல் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர். வழியில் குடித்ததை அதோடு கூட்டிக்கொள்ளுங்கள். எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள். கறுப்பு பனியனில் வெள்ளைக் கோடு விழுகிறவர்களுக்கு உப்பு நிறையப் போகிறது; உப்பு போட்ட மோர், எலுமிச்சைச் சாறு, மருந்துக்கடை ஓஆர்எஸ் எதுவானாலும் சரி. அந்தப் பெரிய ஓஆர்எஸ் பொட்டலம் ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. அரை பாட்டிலில் கரைத்து மடமடவென்று குடித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சாப்பாட்டுக் கணக்கு எளிது. ஒரு கிலோமீட்டர் ஓட, எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் ஒரு கலோரி. 70 கிலோ ஆளுக்கு 42 கிலோமீட்டருக்கு 2,900-க்கு மேல். தசையிலும் ஈரலிலும் சேமித்து வைக்க முடிகிற மாவுச்சத்து கிட்டத்தட்ட 2,000 கலோரிதான். 30 கிலோமீட்டருக்கு மேல் கால் கல்லாகிப் போவதற்குப் பெரும்பாலும் இந்தப் பற்றாக்குறைதான் காரணம். வேகமாக ஓட ஓட மாவுச்சத்து இன்னும் சீக்கிரம் தீரும்.

அதனால் முதல் அரைமணி, முக்கால் மணியிலிருந்தே மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். பெரிய வாழைப்பழம் ஒன்றில் ஏறக்குறைய 25 கிராம், ஓடுகிறவர்களுக்கென்று கடையில் விற்கும் இனிப்பு ஜெல் பொட்டலத்திலும் அவ்வளவுதான். பேரீச்சம்பழம் நல்லது. கடலைமிட்டாய் எனக்குப் பிடிக்கும், ஆனால் வாய் காய்ந்திருக்கும்போது மென்று விழுங்க முடியாது. எதுவானாலும் ஞாயிறு ஓட்டங்களில் தின்று பழக வேண்டும், வயிற்றுக்கும் பயிற்சி வேண்டும். ரேஸ் அன்று யாரோ கொடுத்த புது ஜெல்லை வாயில் வைப்பதும், முந்தின இரவு கல்யாண வீட்டு பிரியாணியும் கழிப்பறை வரிசையில் கொண்டுபோய் நிறுத்தும். நான் முந்தின ராத்திரி ஏழு மணிக்குச் சோறும் ரசமும், விடியற்காலை மூன்று இட்லியோடு சர்க்கரை. அதற்கு மேல் ஆராய்ச்சி கிடையாது.

வலி வருமோ என்று முன்கூட்டியே வலி மாத்திரை போடுவது இங்கே சாதாரணமாகிவிட்டது. உடம்பில் நீர் குறைந்திருக்கும் நேரத்தில் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகையறா சிறுநீரகத்தைப் பாதிக்கும். வேண்டாம். அப்புறம், நாற்பதைத் தொட்டவர்களும், சர்க்கரை, பிரஷர் உள்ளவர்களும், வீட்டில் யாருக்காவது இளம் வயதில் மாரடைப்பு வந்திருந்தால் அவர்களும் டாக்டரைப் பார்க்காமல் தொடங்க வேண்டாம்.

ஷூ

அரை சைஸ் பெரிதாக வாங்குங்கள். தூரம் ஏற ஏறப் பாதம் வீங்கும், இல்லாவிட்டால் கட்டைவிரல் நகம் கறுத்து உதிரும். 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் மெத்தை செத்துவிடும். மழையில் நனைந்ததை வெயிலில் வைக்காமல் உள்ளே தினத்தாளைத் திணித்துக் காயவையுங்கள். ரேஸுக்கென்று புது ஷூ எடுத்துவைக்காதீர்கள். தொடை இடுக்கிலும் மார்புக் காம்பிலும் வாசலின். ஏன் என்று 25-ஆவது கிலோமீட்டரில் தெரியும்.

கடைசி மூன்று வாரமும் முதல் பத்து கிலோமீட்டரும்

கடைசி இரண்டு மூன்று வாரம் தூரத்தைக் குறைக்க வேண்டும். எல்லாருக்கும் அப்போதுதான் பயம் வரும்: போதாதோ, இன்னொரு முப்பது ஓடிப் பார்க்கலாமா? அந்த வாரங்களில் ஓடுவது ரேஸுக்கு உதவாது, களைப்பை மட்டும் சேர்க்கும். தூங்குங்கள். நைட் ஷிப்ட் பார்க்கிறவர்கள் ரேஸுக்கு முந்தைய இரண்டு மூன்று நாளாவது மாற்றிக் கேளுங்கள்.

என் கதைக்கு வருகிறேன். 4 மணி 15 நிமிடத்தில் முடிப்பதாகத் திட்டம், கிலோமீட்டருக்கு 6 நிமிடத்துக்குச் சற்று மேல். விடியாத குளிர்ச்சி, கூட்டம், கைதட்டல். கால் தானாகப் பறந்தது. முதல் 10 கிலோமீட்டர் 55 நிமிடம். வங்கியில் பணம் போடுகிற மாதிரி நேரத்தைச் சேர்த்து வைக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 31-ஆவது கிலோமீட்டர் 3 மணி 8 நிமிடத்தில் வந்தது, அத்தோடு எல்லாம் தீர்ந்தது. மிச்சம் 11 கிலோமீட்டருக்கு 2 மணி 25 நிமிடம், பெரும்பாலும் நடை. அந்தக் கடைசி 195 மீட்டரைச் சேர்த்தவர் யார் என்று திட்டிக்கொண்டே முடித்தேன். (1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய தூரம் அது. 1921-ல் அதையே நிரந்தரமாக்கிவிட்டார்கள்.)

இப்போது முதல்முறை ஓடுகிறவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்வேன். பாதி மாரத்தான் நேரத்தை இரண்டால் பெருக்கி, மேலே இருபது நிமிடமாவது சேருங்கள். 2 மணி 15 நிமிடத்தில் பாதி ஓடுகிறவருக்கு 4 மணி 50. முதல் 5 கிலோமீட்டரை அந்த வேகத்தைவிடவும் பத்து நொடி மெதுவாக ஓட வேண்டும். தொப்பை வைத்த பெரியவர்கூட உங்களைத் தாண்டிப் போவார். போகட்டும், வழிவிடுங்கள்.

முடித்ததும் அப்படியே தரையில் சாயாதீர்கள், தலை சுற்றும். பத்து நிமிடம் நடந்து, உப்போடு ஏதாவது குடித்துவிட்டு உட்காருங்கள். பைக்கில் வீட்டுக்குப் போகத் திட்டமிடாதீர்கள், யாரையாவது வரச் சொல்லுங்கள். நான் பைக்கில்தான் போனேன். பாரிமுனை சிக்னல் பச்சை விழுந்தது, கியர் போட இடது காலை அழுத்தினேன், கெண்டைக்கால் உருண்டு முடிச்சாகிக் கட்டிக்கொண்டது. பின்னால் இருந்த ஆட்டோக்காரர் ஹாரன் அடித்து ஓய்ந்து, இறங்கி வந்தார்.

"இன்னா தலைவா, வண்டி ஆஃப் ஆயிடுச்சா?"

"வண்டி இல்லண்ணா, காலு."

கழுத்தில் தொங்கிய மெடலைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் வண்டியை ஓரமாகத் தள்ளிக்கொடுத்தார்.