பைலட் படிப்பு: வீட்டுப் பத்திரத்தை எடுப்பதற்கு முன்

பிளஸ் டூ ரிசல்ட் வந்து இரண்டு வாரத்துக்குள் எங்கள் வங்கிக் கிளைக்கு இப்படி ஒரு அப்பாவாவது வந்துவிடுவார். கையில் பளபளவென்று ஒரு கையேடு. பக்கத்தில் கண் நிறைய ஆசையோடு மகனோ மகளோ. "45 லட்சம் ஆகும் சார். ரெண்டே வருஷம். அப்புறம் மாசம் மூணு லட்சம் சம்பளம். வீட்டு மேல கடன் கிடைக்குமா?" பேரணாம்பட்டில் தோல் வியாபாரம் செய்பவர், குடியாத்தத்தில் தறி வைத்திருப்பவர், காட்பாடியில் ரயில்வே வேலையில் இருப்பவர் என்று பலரிடம் இதே மூன்று எண்களைக் கேட்டிருக்கிறேன். மூன்றையும் அப்படியே நம்பிப் பத்திரத்தை எடுப்பதுதான் முதல் தவறு.

இருபது வருடமாக வேலூரில் கடன் கோப்புகள் பார்க்கிறேன். என் அண்ணன் மகன் இன்று ஒரு விமானத்தில் துணை விமானியாக உட்கார்ந்திருக்கிறான். அதனால் இந்த விஷயத்தை மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து பார்த்துவிட்டேன். படிப்புச் செலவில் உடைந்த குடும்பங்களைவிட, லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு வேலைக்காகக் காத்திருந்த மாதங்களில் உடைந்த குடும்பங்களே அதிகம். அந்தக் காத்திருப்பைக் கணக்கில் எழுதாதவர்களுக்கு இந்தப் படிப்பு கட்டுப்படியாகாது. எழுதிப் பார்த்து, தாங்க முடியும் என்று தெரிந்தவர்களுக்குத் தாராளமாகக் கட்டுப்படியாகும்.

அண்ணன் மகன் 2016-ல் சேர்ந்தான். 18 மாதத்தில் முடியும் என்று பள்ளியில் சொன்னார்கள். பிள்ளைகள் நிறைய, பறக்கிற நிலையில் விமானங்கள் கொஞ்சம். ஒன்று பழுதானால் உதிரி பாகம் வரும்வரை ஹாஸ்டலில் சும்மா உட்கார வேண்டியதுதான். லைசென்ஸுக்கு வேண்டிய 200 மணி நேரப் பறப்பு முடிந்து லைசென்ஸ் கைக்கு வரும்போது 2019 ஏப்ரல். அதே மாதம் ஜெட் ஏர்வேஸ் நின்றுபோனது. ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்த விமானிகள் வேலை தேடி வரிசைக்கு வந்தார்கள். அவர்கள் இருக்கும்போது 200 மணி நேரப் பையனை யார் கூப்பிடுவார்கள்? அடுத்த வருடம் கொரோனா. அவன் முதல் சம்பளம் வாங்கியது 2022 கடைசியில்தான். இடையில் சத்துவாச்சாரியில் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்தான். ஒரு நாள் ராத்திரி போன் பண்ணி, "லைசென்ஸ் வந்தா போதும்னு இருந்தேன் சித்தப்பா. வந்த அப்புறம்தான் எல்லாமே கஷ்டமா இருக்கு" என்றான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இது அவன் ஒருவனின் கெட்ட நேரம் என்று எடுத்துக்கொள்ள முடியவில்லை. 2012-ல் கிங்ஃபிஷர், 2019-ல் ஜெட், 2020-ல் கொரோனா, 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட். பத்துப் பன்னிரண்டு வருடத்தில் நான்கு முறை விமானத் துறை அடி வாங்கியது. ஒவ்வொரு முறையும் அனுபவமுள்ளவர்கள் சந்தைக்கு வர, புதியவர்கள் வரிசையில் பின்னுக்குப் போனார்கள். 2023-ல் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்த செய்தியைக் காட்டித்தான் இப்போது பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள். செய்தி உண்மை. ஆனால் அந்த விமானங்கள் பல வருடங்களில் ஒவ்வொன்றாக வந்து சேரும். உங்கள் பிள்ளை லைசென்ஸ் வாங்கும் வருடத்தில் ஆள் எடுப்பார்களா என்பது வேறு கேள்வி.

சரி, பணக் கணக்குக்கு வருவோம். கையேட்டில் இருக்கும் தொகை பெரும்பாலும் பறக்கும் கட்டணம் மட்டும். ஹாஸ்டல், சாப்பாடு, தேர்வுக்கான வகுப்புகள், ரேடியோ லைசென்ஸ் தேர்வு, மருத்துவப் பரிசோதனை, 200-க்கு மேல் தேவைப்படும் கூடுதல் மணி நேரங்கள் எல்லாம் தனி. டைப் ரேட்டிங்கும் தனி. ஏர்பஸ் 320, போயிங் 737 மாதிரி ஒரு குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டுவதற்கான பயிற்சி அது. அதற்கு மட்டும் 15 லட்சத்துக்கு மேல் ஆகும். விமான நிறுவனங்களே நடத்தும் கேடட் திட்டத்தில் போனால் மொத்தச் செலவு ஒரு கோடியைத் தொடும்.

50 லட்சம் கடனை 10 சதவீத வட்டியில் பத்து வருடத்தில் அடைக்க மாதத் தவணை சுமார் 66,000 ரூபாய். இதைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். படிக்கும்போதும் காத்திருக்கும்போதும் வட்டி வருடத்துக்கு 5 லட்சம் ஓடுவதைப் பார்ப்பதில்லை. மூன்று வருடம் வட்டி கட்டாமல் விட்டால் கடன் 65 லட்சம். தவணை கிட்டத்தட்ட 86,000. கட்டி முடிக்கும்போது ஒரு கோடியைத் தாண்டியிருக்கும். இதில் டைப் ரேட்டிங் சேரவில்லை. துணை விமானியின் சம்பளத்தில் இந்தத் தவணையைக் கட்டிவிடலாம்தான். வேலை வரும்வரை யார் கட்டுவது என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். குறைந்தது 24 மாதம், வருமானம் பூஜ்யம் என்று போட்டு எழுதுங்கள். அந்த 24 மாதத்தை வீட்டை விற்காமல் கடக்க முடியுமா என்று அந்தத் தாளே சொல்லிவிடும்.

இவ்வளவு பெரிய கடனுக்கு வங்கி சொத்து கேட்கும். அப்பாவும் கூட்டாகக் கையெழுத்துப் போடுவார். அப்பாவுக்கு 53 வயது என்றால் அவர் ஓய்வு பெற்ற பிறகும் தவணை ஓடும். அதனால் பிள்ளையின் பேரில் கடன் தொகைக்குக் குறையாத டேர்ம் இன்சூரன்ஸ் எடுத்துவிடுங்கள். வேலைக்குப் போன பிறகு, உடல்நலக் காரணத்தால் லைசென்ஸ் பறிபோனால் பணம் தரும் காப்பீடும் இருக்கிறது. அதையும் விசாரியுங்கள்.

அண்ணன் செய்த இன்னொரு தவறையும் சொல்ல வேண்டும். லைசென்ஸ் வந்ததும், டைப் ரேட்டிங்கும் இருந்தால் உடனே வேலை என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அண்ணி நகையை வைத்து அதையும் முடித்துவிட்டார். எந்த நிறுவனமும் கூப்பிடவில்லை. வேலை இல்லாமல் இருந்தால் அந்தப் பயிற்சி பழசாகிவிடும். சிமுலேட்டரில் மறுபடி பணம் கட்டிப் பழக வேண்டும். மேகத்துக்குள்ளும் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்ட அனுமதி தரும் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கையும் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும், மருத்துவச் சான்றையும்தான். காத்திருப்பதற்கே காசு வேண்டும். ஒரு நிறுவனம் ஆள் எடுக்கிறது என்று உறுதியாகத் தெரியும்வரை டைப் ரேட்டிங்குக்குச் சொந்தப் பணத்தைப் போடாதீர்கள்.

பணம் கட்டிவிட்டு மருத்துவப் பரிசோதனைக்குப் போவது எனக்குப் புரியவே புரியாத தவறு. விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவரிடம் முதலில் கிளாஸ் 2 சான்று, அப்புறம் கிளாஸ் 1. கிளாஸ் 1 இல்லாமல் தொழில்முறை விமானியாக முடியாது. பெங்களூரில் விமானப்படையின் விண்வெளி மருத்துவக் கழகத்திலேயே அதைச் செய்கிறார்கள். காட்பாடியிலிருந்து காலை ரயிலில் போய்விடும் தூரம்தான். கண்ணாடி போட்டிருந்தால் ஆகாது என்று பயப்பட வேண்டாம், கண்ணாடியோடு பார்வை சரியாக இருந்தால் போதும். நிறக்குருடுதான் பெரிய தடை, அது ஆண் பிள்ளைகளிடம் அதிகம். பல பிள்ளைகளுக்கு அது இருப்பதே தெரியாது. ஆரணி ரோட்டில் ஷெல் கண் மருத்துவமனை மாதிரி ஓர் இடத்தில் முன்கூட்டியே நிறப் பார்வையைச் சோதித்துப் பாருங்கள். அரை நாள் வேலை. பிள்ளை வாழ்க்கையும் உங்கள் வீடும் அதில் இருக்கிறது.

தேர்வுகளையும் முதலிலேயே முடிக்கலாம். ஏர் நேவிகேஷன், வானிலையியல், விமான விதிமுறைகள், டெக்னிக்கல் என்று டிஜிசிஏ தாள்கள் இருக்கின்றன. தேர்ச்சிக்கு 70 சதவீத மதிப்பெண் வேண்டும். பறக்கும் கட்டணத்தோடு ஒப்பிட்டால் இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. வேலூரில் வீட்டில் இருந்தபடியே ஒரு வருடம் உட்கார்ந்து படித்து நேவிகேஷனையும் வானிலையையும் தாண்டிய பிள்ளைக்குத்தான் நான் கடன் பரிந்துரைக்க விரும்புவேன். ஆசை நிஜமா என்று அந்த வருடத்தில் தெரிந்துவிடும். பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படிக்காதவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளியான என்ஐஓஎஸ் மூலம் அந்த இரண்டையும் எழுதிக்கொள்ளலாம். கூடவே அஞ்சல் வழியில் ஒரு பட்டப்படிப்பையும் சேர்த்துவிடுங்கள். வேலை இல்லாத நாட்களில் ஒரு டிகிரி கையில் இருந்தால் பிள்ளை மனம் உடைய மாட்டான்.

பள்ளியைக் கையேட்டில் பார்க்காதீர்கள், நேரில் போய் இரண்டு நாள் நில்லுங்கள். ஷெட்டில் எத்தனை விமானம் இருக்கிறது என்பதைவிட அன்று எத்தனை விமானம் பறந்தது என்று எண்ணுங்கள். போன பேட்ச் பிள்ளைகள் எத்தனை மாதத்தில் 200 மணி நேரம் முடித்தார்கள் என்று அந்தப் பிள்ளைகளிடமே கேளுங்கள். 100 மணி நேரம் கமாண்டராக, அதாவது விமானத்தின் பொறுப்பைத் தானே ஏற்றுப் பறந்திருக்க வேண்டும், 300 கடல் மைல் தூரப் பயணம் ஒன்று வேண்டும், ராத்திரிப் பறப்பு வேண்டும். ஆசிரியரும் விமானமும் குறைவாக இருந்தால் இதெல்லாம் இழுத்துக்கொண்டே போகும். 2025 முதல் டிஜிசிஏ பள்ளிகளைத் தரம் பிரித்து வெளியிடுகிறது. முதல் பட்டியலில் மேல் வரிசையான ஏ பிளஸ்ஸிலும் ஏ-விலும் ஒரு பள்ளிகூட இல்லை. எவ்வளவு எச்சரிக்கை வேண்டும் என்பதற்கு அதுவே போதும். மொத்தப் பணத்தையும் ஒரே தவணையில் கட்டினால் தள்ளுபடி என்பார்கள், கட்டாதீர்கள். மணி நேரக் கணக்கில் பிரித்துக் கட்டுங்கள். பாதியில் விலகினால் எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பறக்காத மணி நேரத்தை, பறந்த நேரம் பதியும் லாக் புக்கில் எழுதித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். 2011-ல் போலி மதிப்பெண் பட்டியல் காட்டி லைசென்ஸ் வாங்கியவர்கள் கைதுவரை போனார்கள்.

வெளிநாட்டில் சீக்கிரம் முடியும் என்பது பல நேரம் உண்மைதான். திரும்பி வந்து இந்திய லைசென்ஸாக மாற்ற இங்கேயும் தேர்வு, மருத்துவம், மறுபடி கொஞ்சம் பறப்பு எல்லாம் உண்டு. அந்தச் செலவையும் மாதங்களையும் சேர்த்து ஒப்பிடுங்கள்.

அப்துல்லாபுரம் விமான நிலையம் திறந்தால் உள்ளூரிலேயே வேலை கிடைக்கும் என்று சிலர் கேட்கிறார்கள். அங்கே ஓடுபாதை சிறியது, சின்ன விமானங்களுக்கானது. விமானிகளை டெல்லி, மும்பை, பெங்களூர், சென்னை மாதிரி ஊர்களில்தான் அமர்த்துவார்கள். பிள்ளை ஊரைவிட்டுப் போவான் என்று மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள்.

பறப்பதற்குப் பணமே கட்டாத வழி ஒன்று நம் பழைய வட ஆற்காட்டிலேயே கண்முன் இருக்கிறது. அரக்கோணத்தில் 1992 முதல் இயங்கும் ஐஎன்எஸ் ராஜாளி, கடற்படையின் விமானத் தளம். கடலைக் கண்காணிக்கும் பி-8ஐ விமானங்கள் அங்கிருந்துதான் போகின்றன, கடற்படை ஹெலிகாப்டர் விமானிகளுக்குப் பயிற்சியும் அங்கேதான். முப்படை அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் தேசியப் பாதுகாப்பு அகாடமியான என்டிஏ மூலம் போனால் அரசு செலவில் பயிற்சி, பெண் பிள்ளைகளும் எழுதலாம். இது ராணுவ வாழ்க்கை, பல வருடம் பணியில் இருக்க வேண்டும். அதை மனதார ஏற்கிற பிள்ளைக்கு மட்டும் சொல்லுங்கள். சேரும்போது வயது பதினாறரைக்கும் பத்தொன்பதரைக்கும் நடுவில் இருக்க வேண்டும். டிகிரி முடித்தவர்களுக்கு விமானப்படையின் ஏஎஃப்கேட் நுழைவுத் தேர்வு இருக்கிறது, அதற்கு 20 முதல் 24 வயது. என்னிடம் இதைக் கேட்கிறவர்களில் பாதிப் பேர் வயது தாண்டிய பிறகுதான் வருகிறார்கள். என்டிஏ தேர்வுக்குப் பிளஸ் டூ படித்துக்கொண்டிருக்கும்போதே விண்ணப்பிக்கலாம்.