பழைய டீசல் பிக்கப்பை டிரெய்லர் இழுக்கத் தயார்ப்படுத்துவது எப்படி?

அமெரிக்காவில் பயன்படுத்திய டீசல் பிக்கப் ஒன்றை வாங்கி, பின்னால் கேம்பிங் டிரெய்லரைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு பயணம் போக விரும்புகிறவர்கள் முதலில் கேட்பது, "இந்த எஞ்சின் எவ்வளவு எடையை இழுக்கும்?" என்பதைத்தான். 'முக்கால் டன்' என்று பெயர் பெற்ற கனமான பிக்கப் வகை டீசல் வண்டிகளில் இழுவைக்குப் பஞ்சமே இல்லை. இழுக்கும் வலிமை தீர்வதற்கு வெகு முன்பே வண்டியின் சுமக்கும் திறன் தீர்ந்துவிடும்; இறக்கத்தில் நிறுத்தும் திறனும் அப்படித்தான் முதலில் கைவிடும். ஆகவே இந்த விளக்கத்தில் எஞ்சினைவிட எடைக் கணக்குக்கும் பிரேக்குக்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

எடுத்துக்காட்டாக 2006ஆம் ஆண்டின் டாட்ஜ் ராம் 2500 வண்டியை எடுத்துக்கொள்வோம். 5.9 லிட்டர் கம்மின்ஸ் எஞ்சின், 325 குதிரைத்திறன், 610 பவுண்டு-அடி முறுக்குவிசை, 48ஆர்இ எனப்படும் நான்கு வேக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். இழுக்கப்போவது, முழுச் சுமையோடு 7,500 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 3,400 கிலோ எடையுள்ள டிராவல் டிரெய்லர்.

படி 1: எடைக் கணக்கை முதலில் போடுங்கள்

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், கதவுச் சட்டத்தில் ஒட்டப்பட்ட லேபிளில் ஜி.வி.டபிள்யூ.ஆர். என்ற எண் இருக்கும். வண்டி, எரிபொருள், ஆட்கள், சாமான்கள், டிரெய்லரின் மூக்கு வண்டியின்மேல் அழுத்தும் எடை ஆகிய அனைத்தும் சேர்ந்து தாண்டக்கூடாத வரம்பு அது. நம் ராம் 2500இல் அது 9,000 பவுண்டு. அதே லேபிளில் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் தனித்தனி வரம்புகள் அச்சிடப்பட்டிருக்கும், அவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

டேங்க் நிறைய டீசலும் ஓட்டுநரும் உள்ள நிலையில் வண்டி 7,000 பவுண்டு இருப்பதாக வைத்துக்கொண்டால், மீதம் 2,000 பவுண்டு. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் 400, டிரெய்லரைப் பூட்டும் ஹிட்ச் அமைப்பு 100, பின்தொட்டியில் ஏற்றும் சாமான்கள் 300 என்று கழித்தால் 1,200 மிஞ்சும். டிராவல் டிரெய்லரின் மூக்கு எடை, டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். பத்துக்குக் கீழே போனால் டிரெய்லர் வாலை ஆட்டத் தொடங்கும். 12 விழுக்காடு என்று கொண்டால் 7,500 பவுண்டுக்கு 900 பவுண்டு. கணக்கு 300 பவுண்டு மிச்சத்தோடு முடிகிறது. இதே வண்டியில் 10,000 பவுண்டு டிரெய்லரைப் பூட்டினால் மூக்கு எடை 13 விழுக்காட்டில் 1,300 ஆகி, வரம்பு மீறிவிடும். எஞ்சின் அதையும் சிரமமின்றி இழுக்கும் என்பதால்தான் பலர் இந்த இடத்தில் ஏமாந்துபோகிறார்கள்.

விளம்பரத்தில் வரும் இழுவை எண்ணை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். வாகனப் பொறியாளர்களின் அமைப்பான எஸ்.ஏ.இ.யின் ஜே2807 என்ற பொது அளவுகோல் நடைமுறைக்கு வருவதற்கு முன்பு ஒவ்வொரு நிறுவனமும் தன் போக்கில் அந்த எண்ணைக் கணக்கிட்டது. புதிய அளவுகோலின்படி, அரிசோனாவில் புல்ஹெட் சிட்டியை ஒட்டித் தொடங்கும் டேவிஸ் டேம் ஏற்றத்தைப் போன்ற நீண்ட மலையேற்றத்தை, கடும் வெயிலில், ஏ.சி. ஓடிக்கொண்டிருக்க, குறைந்தபட்ச வேகம் குறையாமல் வண்டி ஏறிக் காட்ட வேண்டும். 2006ஆம் ஆண்டு வண்டிக்கு அந்தச் சோதனை நடந்ததில்லை.

படி 2: எந்த எஞ்சின், எந்த ஆண்டு

ஃபோர்டின் 7.3 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் 2003 வரை வந்தது. வேகம் குறைவு, ஆயுள் அதிகம். அதன் பின் 2007 வரை வந்த 6.0 லிட்டரில் ஆயில் கூலர் அடைத்துக்கொண்டு, அதன் விளைவாக திரும்பிவரும் புகையைக் குளிர்விக்கும் ஈ.ஜி.ஆர். கூலரும் ஹெட் கேஸ்கெட்டும் போவது பரவலாக அறியப்பட்ட குறை. ஜி.எம். டியூராமேக்ஸில் 2001 முதல் 2004 வரை வந்த எல்பி7 வகைக்கு, டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரில் தொல்லை உண்டு. மாற்றியதற்கான ரசீது இருந்தால் நல்ல வண்டி. டாட்ஜில் 1998 நடுப்பகுதி முதல் 2002 வரை வந்த கம்மின்ஸ்களில், டீசலை அனுப்பும் சிறிய லிஃப்ட் பம்ப் சோர்ந்துபோனால் விபி44 என்ற விலையுயர்ந்த பம்பும் கூடவே பழுதாகும். 2003 முதல் 2007 வரையிலான காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே உயரழுத்தக் குழாய்) 5.9இல் அந்தப் பம்பும் இல்லை, புகை வடிகட்டியும் இல்லை. தொடக்கக்காரர்களுக்கு நான் இதைத்தான் பரிந்துரைப்பேன்.

அதற்குப் பிந்தைய வண்டிகளில் டி.பி.எஃப். எனும் புகை வடிகட்டியை வெட்டி எடுத்துவிட்டு விற்பவர்கள் உண்டு. அது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். புகைச் சோதனை உள்ள மாநிலங்களில் பதிவைப் புதுப்பிப்பதும் கடினம். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அப்படிப்பட்ட வண்டியை வாங்க வேண்டாம்.

படி 3: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

வண்டியைப் பார்க்கப் போகிறபோது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நீங்கள் போகும்போது பானெட் சூடாக இருந்தால், காலையில் ஸ்டார்ட் ஆகத் தகராறு செய்யும் வண்டியாக இருக்கக்கூடும். குளிர்ந்த எஞ்சின் நீண்ட நேரம் சுற்றிய பிறகே பிடித்து, வெண்புகை மண்டினால் இன்ஜெக்டர்களைச் சந்தேகிக்க வேண்டும். ஆயில் குச்சியில் அளவு வழக்கத்துக்கு மேலே நின்று டீசல் வாடை அடித்தாலும் அதே சந்தேகம்தான்.

எஞ்சின் சூடான பின், ஐடிலில் ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அதே வாயின்மேல் தலைகீழாக வையுங்கள். மூடி லேசாக அதிர்ந்தபடி அங்கேயே இருந்தால் நல்லது. காற்றழுத்தம் அதைத் தள்ளிக் கீழே விழச் செய்தால் பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்திருக்க வாய்ப்புண்டு. 48ஆர்இ கியர்பாக்ஸின் ஆயில் அளவைப் பார்க்கும்போது கியர் நெம்புகோல் பார்க்கில் அல்ல, நியூட்ரலில் இருக்க வேண்டும். பார்க்கிங் பிரேக்கைப் போட்டுவிட்டுப் பாருங்கள். ஆயில் பழுப்பேறிக் கருகிய வாடை வந்தால், அந்த வண்டி ஏற்கெனவே கடுமையாக இழுத்துக் களைத்தது என்று பொருள்.

இந்தத் தலைமுறை ராமின் பலவீனம் முன்பக்கத்தில் இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது உடன் வந்தவரை ஸ்டியரிங்கைச் சிறிது சிறிதாக இடமும் வலமும் திருப்பச் சொல்லி, நீங்கள் முன்னால் குனிந்து டிராக் பார் எனும் குறுக்குக் கம்பியின் இரு முனைகளையும் கவனியுங்கள். முனை தன் பிடிப்புக்குள் தனியாக அசைந்தால் அதை மாற்றாமல் டிரெய்லரைப் பூட்டக்கூடாது. பால் ஜாயின்ட்டுகளையும் அப்படியே சோதிக்க வேண்டும். ஒஹையோ, மிச்சிகன் போன்று குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் மாநிலங்களிலிருந்து வந்த வண்டி என்றால், சேஸிஸையும் பிரேக் குழாய்களையும் ஹிட்சைச் செருகும் ரிசீவரின் போல்ட்டுகளையும் விளக்கடித்துப் பாருங்கள்.

படி 4: திரவங்கள், டயர், மானிகள்

விற்றவர் என்ன சொன்னாலும், எல்லாத் திரவங்களையும் புதிதாக மாற்றிவிட்டு அன்றைய மைலைக் குறித்துக்கொள்வதே சரி. எஞ்சின் ஆயில் வடிகட்டியோடு 12 குவார்ட், அதாவது 11 லிட்டருக்கும் சற்று அதிகம். டீசல் வடிகட்டி, கியர்பாக்ஸ் ஆயிலும் அதன் வடிகட்டியும், பின் டிஃபரன்ஷியல் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் எல்லாவற்றையும் மாற்றுங்கள். டீசல் வடிகட்டியில் மலிவைத் தேடாதீர்கள். காமன் ரெயில் இன்ஜெக்டரைக் கெடுக்க நுண்ணிய தூசியே போதும்.

டயர்கள் எல்.டி. (லைட் டிரக்) வகையில், லோட் ரேஞ்ச் ஈ எனும் சுமைத் தரத்தில் இருக்க வேண்டும். பக்கவாட்டில் டி.ஓ.டி. எழுத்துகளின் இறுதியில் உள்ள நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் காட்டும். 2319 என்றால் 2019இன் 23ஆம் வாரம். டிரெய்லர் டயரையும் மறவாமல் பாருங்கள். மேற்பள்ளங்கள் தேயாமல் இருந்தும் வயதாகி வெடிப்பது பெரும்பாலும் அதுதான்.

இரண்டு மானிகள் அவசியம் என்பது என் கருத்து. ஒன்று கியர்பாக்ஸ் ஆயிலின் வெப்பத்துக்கு. இன்னொன்று, டர்போவுக்கு முன்னால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் பொருத்தும் புகைவெப்ப மானி. தொடர் ஏற்றத்தில் அது 1,250 பாரன்ஹீட்டை நெருங்கினால் ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்தி கியரைக் குறைக்க வேண்டும். அதிகத் திறன் தருவதாகச் சொல்லும் டியூனர் பெட்டி முந்தைய உரிமையாளர் பொருத்தியதாக இருந்தால் கழற்றிவிடுங்கள். இழுவைக்கு அசல் திறனே தாராளம்.

படி 5: ஹிட்ச்

ரிசீவரின் அடியில் உள்ள லேபிளில் இரண்டு வகை எண்கள் இருக்கும்: சாதாரணமாகப் பூட்டினால் எவ்வளவு, எடை பகிரும் ஹிட்சோடு பூட்டினால் எவ்வளவு என்று. 7,500 பவுண்டு டிரெய்லருக்கு எடை பகிரும் ஹிட்ச்தான் தேவைப்படும். மூக்கு எடை பின்னால் அழுத்தும்போது முன்சக்கரங்கள் இலேசாகி, ஸ்டியரிங்கும் முன்பிரேக்கும் பிடிப்பை இழக்கின்றன. எடை பகிரும் ஹிட்சின் இரும்புச் சட்டங்கள் அந்த எடையின் ஒரு பகுதியை முன் ஆக்சிலுக்குத் திருப்பி அனுப்பும். பின் ஸ்பிரிங்கில் வைக்கும் காற்றுப் பைகள் வண்டியின் பின்புறத்தை உயர்த்திக் காட்டுமே தவிர, முன்னால் எடையைக் கொண்டுவராது, ஜி.வி.டபிள்யூ.ஆர். எண்ணையும் கூட்டாது.

அளப்பது எளிது. டிரெய்லர் இல்லாதபோது தரையிலிருந்து முன்சக்கர வளைவின் உயரத்தை அளந்து எழுதுங்கள். சட்டங்கள் இல்லாமல் டிரெய்லரைப் பூட்டி மீண்டும் அளங்கள். 38 அங்குலம் 39 ஆனது என்று வைத்துக்கொண்டால், சட்டங்களை இறுக்கிய பின் அது 38½க்காவது இறங்க வேண்டும். 38க்குக் கீழே ஒருபோதும் போகக்கூடாது. எந்த அளவுக்கு இறக்குவது என்பதை வண்டியின் கையேடு சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

ஹிட்ச் பந்தின் அளவும், டிரெய்லர் மூக்கில் அதைக் கவ்வும் கப்ளரின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். இந்த எடைக்குப் பெரும்பாலும் 2 5/16 அங்குலம். 2 அங்குலப் பந்தின்மேலும் பெரிய கப்ளர் உட்கார்ந்துவிடும், முதல் பள்ளத்தில் எகிறியும்விடும். ஆகவே இரண்டிலும் பொறித்திருக்கும் எண்ணைப் படித்துப் பாருங்கள். தாழ்ப்பாளைப் போட்டதும் டிரெய்லர் ஜாக்கால் மூக்கைச் சற்று மேலே தூக்குங்கள்; வண்டியின் பின்புறமும் கூடவே எழுந்தால் கப்ளர் பந்தைப் பிடித்துக்கொண்டது உறுதி. பாதுகாப்புச் சங்கிலிகளைக் கப்ளருக்கு அடியில் பெருக்கல் குறிபோல் குறுக்காகப் பூட்டுங்கள். மூக்கு கழன்று விழுந்தால் அவை தாங்கிக்கொள்ளும்.

படி 6: பிரேக் கன்ட்ரோலர்

பெரும்பாலான மாநிலங்களில் 3,000 பவுண்டுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். கலிஃபோர்னியாவில் வரம்பு 1,500 பவுண்டுதான். அந்த பிரேக்கை வண்டிக்குள்ளிருந்து இயக்கும் கன்ட்ரோலர் 2006 ராமில் உள்ளமைந்து வருவதில்லை. ஆனால் இழுவை வசதியோடு வந்த வண்டிகளில் டேஷ்போர்டின் அடியில் அதற்கான இணைப்பி தயாராக இருக்கும். பொருத்தமான அடாப்டர் வயர் வாங்கினால் போதும். தனித்தனி வயராக இணைக்க நேர்ந்தால், வழக்கமான நிற முறை இது: கறுப்பு பேட்டரிக்கு, வெள்ளை எர்த்துக்கு, சிவப்பு பிரேக் லைட் சுவிட்சுக்கு, நீலம் டிரெய்லர் பிரேக்குக்கு.

வாங்கும்போது நேரத்தை வைத்து இயங்கும் மலிவு வகையைத் தவிர்த்து, வண்டி எவ்வளவு வேகமாக நிற்கிறது என்பதை உணர்ந்து அதே விகிதத்தில் டிரெய்லர் பிரேக்கை இயக்கும் வகையை வாங்குங்கள். பொருத்திய பின், ஆளில்லாத காய்ந்த மைதானத்தில் சுமை ஏற்றிய டிரெய்லரோடு 25 மைல் வேகத்தில் போய், கால் பிரேக்கைத் தொடாமல் கன்ட்ரோலரின் கை நெம்புகோலை மட்டும் முழுவதும் அழுத்துங்கள். டிரெய்லர் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு தேய்த்தால் டிரெய்லர் பிரேக்கின் வலிமையைக் குறிக்கும் கெயின் எண்ணைக் குறையுங்கள். சோம்பலாக நின்றால் கூட்டுங்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளும் நிலைக்குச் சற்று முன்பாக எண் நிற்க வேண்டும். நெஞ்சை உலுக்காத, ஆனால் தெளிவாகப் பின்னால் இழுப்பதாக உணர முடிகிற பிடிப்பு அது. சுமை மாறினால் மீண்டும் இதைச் செய்ய வேண்டும்.

டிரெய்லர் கழன்றுபோனால் தானாகவே பிரேக் போடும் பிரேக்அவே கம்பியைச் சங்கிலியிலோ பந்துத் தண்டிலோ மாட்டாமல், வண்டியின் சேஸிஸோடு இணைந்த பகுதியில் மாட்டுங்கள்.

படி 7: எடைமேடை

நெடுஞ்சாலை டிரக் ஸ்டாப்புகளில் கேட் ஸ்கேல் என்ற எடைமேடைகள் இருக்கின்றன. முன் ஆக்சில், பின் ஆக்சில், டிரெய்லர் மூன்றும் தனித்தனித் தட்டுகளில் நிற்கும்படி நிறுத்தினால் மூன்று எடைகளும் அச்சாகிச் சீட்டாக வரும். குடும்பம், தண்ணீர், சாமான் எல்லாம் ஏற்றிய நிலையில் மூன்று முறை நிறுக்க வேண்டும்: ஹிட்ச் சட்டங்களை இறுக்கியபடி, அவற்றைத் தளர்த்தி, டிரெய்லரைக் கழற்றி வண்டி மட்டும். இரண்டாவது சீட்டில் உள்ள இரு வண்டி ஆக்சில்களின் கூட்டலிலிருந்து மூன்றாவதைக் கழித்தால் வருவதே உண்மையான மூக்கு எடை. ஒரே நாளில் மறுபடி நிறுப்பதற்குக் கட்டணம் குறைவு. படி 1இல் காகிதத்தில் போட்ட கணக்கைத் திருத்த வேண்டியது இங்கேதான்.

படி 8: முதல் ஓட்டமும் மலை இறக்கமும்

முதலில் சமவெளியில் ஓட்டிப் பழகுங்கள். சுமார் 50 மைல் போனதும் நிறுத்தி, சக்கர நட்டுகளை டார்க் ரென்ச்சால் மீண்டும் சோதித்து, ஒவ்வொரு சக்கர மையத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய் வெப்பத்தை ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் மிகச் சூடாக இருந்தால் பேரிங்கோ பிரேக்கோ சிக்கிக்கொண்டிருக்கிறது.

பெட்ரோல் எஞ்சினில் ஆக்ஸிலரேட்டரை விட்டால் காற்றுவழியில் உள்ள மூடி அடைத்துக்கொண்டு, எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். டீசலில் அந்த மூடி இல்லாததால் இயல்பான பிடிப்பு குறைவு. கொலராடோவில் ஐ-70 சாலையில் 11,000 அடிக்கு மேல் இருக்கும் ஐசன்ஹோவர் சுரங்கத்திலிருந்து இறங்கும் 7 விழுக்காட்டுச் சரிவில் இந்தக் குறை பட்டவர்த்தனமாகத் தெரியும். மலைப் பயணம் உங்கள் திட்டத்தில் இருந்தால் புகை வெளியேறும் வழியை அடைத்து எஞ்சினைக் கொண்டே வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் பொருத்துங்கள். 48ஆர்இ கியர்பாக்ஸில் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டர் லாக் ஆனால்தான் அது வேலை செய்யும் என்பதால், அதற்கான கட்டுப்பாட்டையும் சேர்த்தே பொருத்தும் மெக்கானிக்கிடம் கொடுக்க வேண்டும்.

இறக்கம் தொடங்கும் முன்பே, உச்சியிலேயே வேகத்தைக் குறைத்து கியரை இறக்கிக்கொள்ளுங்கள். பிரேக்கைத் தொடர்ந்து லேசாக மிதித்துக்கொண்டே வருவதுதான் அதைச் சூடாக்கிப் பிடிப்பிழக்கச் செய்யும். வேகம் ஏறும்போது ஒருமுறை உறுதியாக மிதித்து 10 மைல் குறைத்துவிட்டு, காலை முழுவதும் எடுத்து, பிரேக் ஆறுவதற்கு இடம் கொடுங்கள். நீண்ட ஏற்றம் ஏறிய உடனே ஓய்விடத்தில் நிறுத்தினால், எஞ்சினை உடனே அணைக்காமல், புகைவெப்ப மானி 400 பாரன்ஹீட்டுக்குக் கீழே வரும்வரை ஐடிலில் ஓடவிட்ட பிறகு அணையுங்கள். இல்லாவிட்டால் டர்போவின் பேரிங்கில் ஆயில் கருகிப் படியும்.