இம்ப்ளான்ட்டைச் சுற்றியுள்ள ஈறும் எலும்பும்: மறுபரிசோதனையில் பார்க்க வேண்டியவை

இம்ப்ளான்ட் (பல் வேருக்குப் பதிலாகத் தாடை எலும்பில் பதிக்கும் திருகு) மேல் கிரவுன் எனும் செயற்கைப் பல்லைப் பொருத்தி ஈறு ஆறியதும் ஓர் எக்ஸ்ரே எடுத்து, ஈறுக்கும் இம்ப்ளான்ட்டுக்கும் இடையிலுள்ள பள்ளத்தின் ஆழத்தை அளந்து எழுதி வைத்துவிடுங்கள். இம்ப்ளான்ட்டுக்கு இத்தனை மில்லிமீட்டர் ஆழம் இருந்தால் நலம் என்று பொதுக் கணக்கு கிடையாது. ஈறு தடித்திருந்தால் 5 மி.மீ. கூட நோயில்லாமல் இருக்கும். சென்ற முறை 3 இருந்த இடத்தில் இப்போது 5 என்றால்தான் கவலை.

ஒவ்வொரு வருகையிலும் சிவப்பு, வீக்கம், பிளேக் (கிருமிப் படலம்) இருக்கிறதா என்று பார்த்து, ஈறை விரலால் அழுத்திச் சீழ் வருகிறதா என்று சோதியுங்கள். பிறகு புரோப், அதாவது ஆழம் அளக்கும் மெல்லிய கோல். சுற்றிலும் 6 இடங்கள், விசை 0.25 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 25 கிராம் எடை. இயற்கைப் பல்லின் வேரில் ஈறு நார்கள் பதிந்திருப்பதால் புரோப் தடுக்கப்படும். இம்ப்ளான்ட்டில் அவை பதியாமல் அதன் பரப்புக்கு இணையாக ஓடுவதால், கொஞ்சம் அழுத்தினாலும் முனை எலும்பருகே போய்விடும், ரத்தமும் வரும். ஓரிடத்தில் ஒரு புள்ளி ரத்தம் என்றால் பெரும்பாலும் புரோப் குத்தியதுதான். கோடாகப் பரவினால் அழற்சி. கிரவுன் புடைத்திருந்தால் புரோப் சாய்ந்து ஆழம் குறைவாகக் காட்டும். திருகு வகைக் கிரவுனாக இருந்தால் கழற்றிவிட்டு அளப்பதே சரி.

ரத்தத்தோடு ஆழமும் கூடியிருந்தால் எக்ஸ்ரே எடுங்கள். இம்ப்ளான்ட்டின் மரைகள் இருபுறமும் கூர்மையாகத் தெரிய வேண்டும். மங்கினால் கோணம் தவறு, மறுபடி எடுங்கள். முதல் ஆண்டில் எலும்பு சற்றுத் தேய்வது இயல்பு, 2 மி.மீ. தேய்ந்தால் இயல்பல்ல. பழைய பதிவே இல்லையா? 2017-இல் சிகாகோவில் நடந்த வகைப்பாட்டு மாநாட்டின் வரையறைப்படி ரத்தம் அல்லது சீழ், குறைந்தது 6 மி.மீ. ஆழம், குறைந்தது 3 மி.மீ. எலும்பிழப்பு மூன்றும் சேர்ந்திருந்தால் பெரி-இம்ப்ளான்ட்டைட்டிஸ், அதாவது எலும்பையும் கரைக்கும் அழற்சி. கன்னப் பக்க எலும்பு இந்தப் படத்தில் தெரியாது என்பதை மறக்க வேண்டாம்.

கிரவுன் ஆடினால் முதலில் திருகைப் பாருங்கள். இம்ப்ளான்ட்டே ஆடினால் எலும்புப் பிணைப்பு போய்விட்டது, எடுத்துவிட வேண்டியதுதான். வலி பெரும்பாலும் இருக்காது, ஆகவே நோயாளி "ஒரு தொந்தரவும் இல்லை" என்றாலும் அளக்காமல் விடாதீர்கள்.

அழற்சி மட்டும் இருந்து எலும்பு குறையாவிட்டால் அது மியூகோசைட்டிஸ், சரியாகிவிடக்கூடியது. பிளேக்கையும் கிரவுனை ஒட்டியபோது ஈறுக்குள் தங்கிய சிமென்ட்டையும் நீக்கி, பிரஷ் நுழையும்படி கிரவுனைத் திருத்தி, 2 அல்லது 3 மாதத்தில் மறுபடி அளவெடுங்கள். மற்றவர்களுக்கு 6 மாதத்துக்கு ஒருமுறை போதும். புகைப்பவர், சர்க்கரை கட்டுப்படாதவர், ஈறு நோயால் பல் இழந்தவர் 3 மாதத்துக்கு ஒருமுறை வரட்டும். வீட்டுக்குக் கம்பியில் பிளாஸ்டிக் பூசிய இடைப்பல் பிரஷ் கொடுங்கள். இலேசாக உரசிக்கொண்டு நுழைவதே சரியான அளவு.