சுவர் விளம்பரம் எழுதுவது எப்படி: ஒரு செக்குக் கடைச் சுவரை வைத்துப் பார்ப்போம்

ஊர் எல்லையில் ஒரு வீட்டின் பக்கச் சுவர். கடை விளம்பரம் எழுதிக்கொள்ள வீட்டுக்காரர் சம்மதித்துவிட்டார். உடனே பெயின்ட் கடைக்கு ஓடுவதுதான் வழக்கம். ஆனால் சொதப்பிப்போன சுவர்களில் பாதிக்கு மேல், தூரிகை படும் முன்பே சொதப்பியவை. என்ன சொல்வது, யார் எங்கிருந்து படிப்பார்கள் என்று முடிவு செய்யாமல் ஏணி போட்டதுதான் காரணம்.

கணக்குக்கு ஒரு சுவரை எடுத்துக்கொள்வோம். அகலம் 20 அடி, உயரம் 12 அடி, எதிரே நெடுஞ்சாலை. கடை, ஒரு மரச்செக்கு எண்ணெய்க் கடை.

முதலில் பேருந்தில் ஏறிப் பாருங்கள்

சுவருக்கு முன்னால் நின்று பார்த்தால் எல்லாச் சுவரும் நல்ல சுவராகத்தான் தெரியும். அந்த வழியில் போகும் பேருந்தில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து இரண்டு முறை போய் வாருங்கள், ஒன்று காலையில், ஒன்று மாலை நான்கு மணிக்கு மேல். மரக்கிளை மறைக்கிறதா, எதிர்வெயிலில் கண் கூசுகிறதா, டீக்கடைப் பந்தல் குறுக்கே வருகிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். சாலைக்குக் குறுக்காக நிற்கும் பக்கச் சுவரே சிறந்தது, வருகிறவர் முகத்துக்கு நேராக இருக்கும். சாலையை ஒட்டி நீளவாக்கில் ஓடும் சுவரைச் சாய்வாகத்தான் பார்க்க முடியும், எழுத்து நசுங்கித் தெரியும். அப்படிப்பட்ட சுவர்தான் கிடைத்தது என்றால் எழுத்தையும் இடைவெளியையும் வழக்கத்தைவிட அகலமாக்குங்கள். வேகத்தடை, பேருந்து நிறுத்தம், ரயில்வே கேட் பக்கத்தில் சுவர் கிடைத்தால் விடாதீர்கள்.

வண்டி 50 கி.மீ. வேகத்தில் போனால் விநாடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர் கடக்கும். 80 மீட்டர் தூரத்தில் கண்ணில் படும் சுவர் ஆறு விநாடிக்குள் பின்னால் போய்விடும். அதிலும் முதல் ஓரிரு விநாடி, அங்கே ஏதோ எழுதியிருக்கிறது என்று கண் உணர்வதற்கே செலவாகிவிடும். மிச்சத்தில் நான்கைந்து சொல் படிக்கலாம், அவ்வளவுதான்.

வீட்டுக்காரரிடம் வாய்ச்சொல் போதாது. எத்தனை வருஷம், வாடகை எவ்வளவு, முடிந்தபின் வெள்ளையடித்துக் கொடுப்பது யார் என்று எழுதி வாங்குங்கள். உள்ளாட்சி அலுவலகத்தில் அனுமதி பற்றிக் கேட்டுவிடுங்கள். திறந்தவெளி இடங்களை எழுத்தும் சுவரொட்டியும் அலங்கோலமாக்குவதைத் தடுக்க 1959-லேயே சட்டம் வந்துவிட்டது. பாலம், பள்ளிச் சுவர், அரசு அலுவலகச் சுவர் பக்கமே போக வேண்டாம்.

எதைச் சொல்வது

கடைக்காரர் கொண்டுவரும் வாசகம் பெரும்பாலும் இப்படி இருக்கும்: "எங்களிடம் சுத்தமான, தரமான மரச்செக்கு நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் மொத்தமாகவும் சில்லறையாகவும் நியாயமான விலையில் கிடைக்கும்." பதினான்கு சொல் இருக்கிறது. இதைச் சுருக்கினால் போதும் என்று நினைக்க வேண்டாம். சுருக்கினாலும் இது எல்லாக் கடைக்கும் பொருந்தும் வாசகம்தான்.

கடைக்குப் போய் ஒரு மணி நேரம் உட்காருங்கள். வருகிறவர்கள் என்ன கேட்கிறார்கள், எதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், காத்திருக்கும்போது என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். செக்கு கடையின் முன்பக்கமே ஓடுகிறது, எள்ளைக் கொட்டுவதிலிருந்து எண்ணெய் இறங்குவது வரை வாடிக்கையாளர் நின்று பார்க்கிறார் என்றால், சொல்ல வேண்டிய விஷயம் அங்கேயே கிடைத்துவிட்டது. அதை வைத்து முப்பது வரி எழுதுங்கள். முதல் பத்தும் எங்கோ கேட்டதாக இருக்கும், பரவாயில்லை, எழுதித் தீருங்கள். பிறகு ஒவ்வொரு வரிக்குக் கீழேயும் பக்கத்து ஊர்க் கடையின் பெயரைப் போட்டுப் படியுங்கள். பொருந்துகிறது என்றால் அந்த வரியை அடித்துவிடுங்கள். "தரமான", "நம்பிக்கைக்குரிய", "உங்கள் அபிமான" எல்லாம் இந்தச் சோதனையில் விழுந்துவிடும். நம் கடைக்குத் தேறுவது:

கண் முன்னே
ஆட்டிய எண்ணெய்

நான்கே சொல். "தரம்" என்ற வார்த்தை இல்லாமலே தரத்தைச் சொல்கிறது.

படமும் ஒன்றே ஒன்று போதும். எள், கடலை, தேங்காய், பாட்டில், சிரிக்கும் குடும்பம் என்று ஐந்து வரைந்தால் ஒன்றும் நிற்காது. செக்கின் உருவத்தை ஒரே நிறத்தில் வரைந்தால் தூரத்திலிருந்தே தெரியும். கடையில் செக்கு மோட்டாரில் ஓடுகிறதென்றால் மாட்டை வரையாதீர்கள். பார்த்து நம்பி வருகிறவர் கடை வாசலிலேயே ஏமாறுவார், "கண் முன்னே" என்ற சொல்லும் சேர்ந்து பொய்யாகிவிடும். சர்க்கரை நோய் தீரும், மூட்டுவலி போகும் என்பதெல்லாம் 1954-ம் ஆண்டின் மருந்து, மாய நிவாரணி விளம்பரத் தடைச் சட்டத்தில் மாட்டிவிடும்.

எட்டரை அடி தள்ளி நின்று பார்க்கும் சோதனை

ஓர் அடிக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற அளவில், ஒரு தாளில் 20 × 12 செ.மீ. கட்டம் போட்டு விளம்பரத்தை வரையுங்கள். இந்த அளவில் சுவர் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்காகச் சிறுத்துவிடுகிறது. ஆகவே தாளைச் சுவரில் ஒட்டி 2.6 மீட்டர், அதாவது எட்டரை அடி தள்ளி நின்று பார்த்தால், 80 மீட்டரிலிருந்து அசல் சுவரைப் பார்ப்பதற்குச் சமம். விஷயம் தெரியாத ஒருவரை நிற்க வைத்து, நான்கு விநாடி காட்டி மூடிவிட்டு, என்ன படித்தீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்வதுதான் உங்கள் சுவர் சொல்லப்போவது. காசு செலவில்லாத இந்தச் சோதனையைத் தவிர்க்கிறவர்கள்தான் பெயின்ட் காய்ந்தபின் வருத்தப்படுகிறார்கள்.

எழுத்தின் உயரத்துக்கு, ஒவ்வொரு 25 அடித் தூரத்துக்கும் ஓர் அங்குலம் என்பது குறைந்தபட்சக் கணக்கு. 80 மீட்டர் என்பது சுமார் 260 அடி. பத்தரை அங்குலம் வருகிறது, தமிழ் எழுத்தின் சுழிகளுக்காக 12 ஆக்கிக்கொள்வோம். இந்த 12, எழுத்தின் உடல் மட்டும். வரியை ஐந்து பங்காகப் பிரியுங்கள்: மேல் பங்கு புள்ளிக்கும் டி-யின் கொக்கிக்கும், நடுவில் மூன்று பங்கு உடலுக்கு, கீழ்ப் பங்கு மு போன்றவை இறங்குவதற்கு. உடல் 12 என்றால் வரி 20 அங்குலம். ஆங்கிலப் பலகையைப் பார்த்துக் கணக்குப் போடுகிறவர்கள் இந்த மேல் கீழ்ப் பங்கை மறந்துவிட்டு, இரண்டாம் வரியின் புள்ளியை முதல் வரியின் காலில் இடித்துவிடுவார்கள்.

தரையிலிருந்து 3 அடிக்கு எதுவும் எழுத வேண்டாம். சேறு தெறிக்கும், புல் வளரும், வண்டி நிறுத்துவார்கள். அங்கே ரெட் ஆக்சைடு பட்டை அடித்துவிடுங்கள். மிச்சம் 108 அங்குலம். மேலே 10 விட்டு, வாசகத்தின் முதல் வரி 20, இடைவெளி 4, இரண்டாம் வரி 20, இடைவெளி 8, கடைப்பெயர் 20, இடைவெளி 8, "பெட்ரோல் பங்க் எதிரில்" என்ற அடையாளம் 12, கீழே 6. சரியாக வந்துவிடுகிறது. கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டுகிறவர் கை எட்டும் உயரம் ஏழடி, வாசகம் அதற்கு மேலே இருப்பது நல்லதாயிற்று. ஓடும் வண்டியிலிருந்து பத்து இலக்கத் தொலைபேசி எண்ணை யாரும் படிக்க முடியாது, விட்டுவிடலாம். பேருந்து நிறுத்தச் சுவர் என்றால் மட்டும் ஐந்து ஐந்தாகப் பிரித்து எழுதுங்கள்.

"எண்ணெய்" என்ற சொல்லில்தான் வேலை இருக்கிறது

கை எழுத்துக்காரரின் திறமையை அளக்க இந்த ஒரு சொல் போதும். மூன்று சுழி ண இரண்டு முறை வருகிறது, நடுவில் கொம்பு, இரண்டு புள்ளி. கோட்டின் தடிமன் உடலில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 2 அங்குலம். ண-வுக்கு 22 அங்குல அகலம் கொடுத்தால், கோடுகளே ஏறத்தாழ 10 அங்குலத்தைத் தின்றுவிடும், மிச்சம் 12-ஐ உள்வெளிகளுக்கு, அதாவது கோடுகளுக்கு நடுவே உள்ள வெற்றிடங்களுக்கு, பங்கிட வேண்டும். எந்த உள்வெளியும் கோட்டின் தடிமனைவிடக் குறையக் கூடாது. குறைந்தால் தூரத்தில் சுழிகள் அடைத்துக்கொண்டு ஒரு கறுப்புத் திட்டுதான் தெரியும். எல்லா எழுத்துக்கும் ஒரே அகலக் கட்டம் போடுகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். ட-வுக்கு 11 அங்குலம் தாராளம், ண-வுக்கு அதைப்போல் இரண்டு மடங்கு வேண்டும்.

ணெ-யின் கொம்பைத் தன் எழுத்தோடு ஓர் அங்குலத்தில் ஒட்டி வையுங்கள், முந்தைய ண்-இலிருந்து 3 அங்குலம் விலக்குங்கள். இரண்டு பக்கமும் ஒரே இடைவெளி விட்டால் கொம்பு எதனுடையது என்று கண் தடுமாறும். புள்ளிக்கு 3 அங்குல விட்டம், எழுத்திலிருந்து ஓர் அங்குலம் மேலே. கோட்டின் அளவுக்கே புள்ளி வைத்தால் பாதித் தூரத்தில் மறைந்து "எணணெய" ஆகிவிடும். நிழல் கொடுக்க ஆசைப்படுவார்கள். கடைப்பெயரில் கொடுங்கள், அழகாக இருக்கும். ண உள்ள வரியில் வேண்டாம், உள்வெளியெல்லாம் நிழலே நிரம்பிவிடும்.

"ஆட்டிய எண்ணெய்" இந்தக் கணக்கில் சுமார் 170 அங்குலம் வரும். இரு ஓரமும் ஓரடி விட்டால் கையில் இருப்பது 216. வலப்பக்கம் மிஞ்சும் நாற்பத்து சொச்சம் அங்குலத்தில், இரண்டு வரி உயரத்துக்கும் செக்குப் படம் உட்காரும்.

மூத்த கலைஞர்களில் சிலர் துதிக்கை வைத்த பழைய லை, னை எழுதுவதுண்டு. 1978 சீர்திருத்தத்துக்குப்பின் படித்தவர்கள் அதில் ஒரு கணம் தடுக்குவார்கள். பழைய வாசனை வேண்டுமென்றால் கடைப்பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கடையின் பெயர்ப் பலகையில் தமிழ், ஆங்கிலம், பிற மொழிக்கு 5:3:2 என்று அரசு வலியுறுத்துகிற அளவையே சுவருக்கும் வைத்துக்கொள்ளலாம்.

நிறம்

வெளிர் மஞ்சள் தளத்தில் அடர் நீல எழுத்து, கடைப்பெயருக்கு மட்டும் நீலப் பட்டையில் வெள்ளை. இதற்கு மேல் தேவையில்லை. தேர்ந்தெடுத்த நிறங்களைக் கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பாருங்கள். எழுத்தும் தளமும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் அந்த ஜோடி உதவாது. பச்சையில் சிவப்பு எழுதுவது இப்படித்தான் கெடுகிறது. கறுப்பும் சிவப்பும் சரிபாதியாக வந்தால் கட்சிச் சுவர் என்று நினைத்துப் படிக்காமலே போய்விடுவார்கள்.

பளீர் சிவப்பு மலிவு வகையில் ஓரிரு கோடையிலேயே வெளுத்துவிடும், மேற்குப் பார்த்த சுவரில் இன்னும் சீக்கிரம். ரெட் ஆக்சைடு, மஞ்சள் ஆக்சைடு இரண்டும் இரும்பு ஆக்சைடு நிறமிகள், வெயிலுக்கு அசையாது. வெள்ளை எமல்ஷனில் (தண்ணீர் கலந்து அடிக்கும் பெயின்ட்) ஸ்டெய்னர் (நிறம் சேர்க்கும் திரவம்) குப்பியை ஊற்றி ஊற்றி அடர் நிறம் வரவழைக்காதீர்கள். லிட்டருக்கு 30, 40 மில்லியைத் தாண்டினால் காய்ந்தபின் கையில் ஒட்டும் தூளாக உதிரும். அடர் நீலத்தைக் கடையில் இயந்திரக் கலவையாகவே வாங்குங்கள்.

சுவர் வேலை

உள்ளங்கையால் சுவரைத் தேயுங்கள். வெள்ளை ஒட்டினால் பழைய சுண்ணாம்பு உதிர்கிறது என்று பொருள், இரும்புப் பிரஷ்ஷால் சுரண்டி எடுக்காமல் ப்ரைமர் (பெயின்ட்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடித்தால் முதல் மழையில் தோலாக உரியும். பாசி இருந்தால் ப்ளீச்சிங் பவுடர் நீரில் நனைத்து, அரை மணி கழித்துக் கழுவி, இரண்டு நாள் காயவிடுங்கள். புதுச் சிமென்ட் பூச்சு என்றால் 28 நாள் பொறுக்க வேண்டும். எனாமல் (எண்ணெய்ப் பெயின்ட்) வேண்டாம். சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் கொப்புளம் விடும், அது இரும்புப் பலகைக்கு உரியது.

240 சதுர அடிக்கு ப்ரைமர் ஒரு பூச்சுக்கு 3 லிட்டர், தளத்துக்கு வெளிப்புற எமல்ஷன் இரண்டு பூச்சுக்கு 5 லிட்டர், எழுத்து நீலம் 1 லிட்டர், வெள்ளை அரை லிட்டர் போதும். சொரசொரச் சுவர் இன்னும் குடிக்கும்.

தளம் ஒரு நாள் காய்ந்தபின், டியூப் லெவலால் (தண்ணீர் நிரப்பிய குழாய்) மட்டம் பிடித்து, சாக்கட்டித் தூள் தோய்த்த நூலை இரு முனையிலும் இழுத்துக் கட்டி நடுவில் சுண்டிவிட்டு வரிக்கோடுகள் அடியுங்கள். கரித்தூள் வேண்டாம், மஞ்சளில் அழுக்காக இழுபடும். சாக்கட்டியால் எல்லா எழுத்தையும் வரைந்துவிட்டு, சாலைக்கு அந்தப் பக்கம் போய்ப் பாருங்கள். திருத்த இதுதான் கடைசி வாய்ப்பு, ஈரத் துணியால் அழித்து எழுதலாம். பிறகு ஓரங்களை ஓர் அங்குலத் தட்டைப் பிரஷ்ஷால் எடுத்து, உள்ளே இரண்டு அங்குலப் பிரஷ்ஷால் நிரப்புங்கள். மேலிருந்து கீழே வாருங்கள், சொட்டு விழுந்தாலும் எழுதாத இடத்தில் விழும். முனையில் துணிப்பந்து கட்டிய ஒரு குச்சியைச் சுவரில் ஊன்றி அதன்மேல் மணிக்கட்டை வைத்துக்கொண்டால் வளைவு நடுங்காது. ஒட்டுநாடா போட்டு நேர்கோடு எடுக்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. சொரசொரப்பின் அடியில் பெயின்ட் புகுந்து பல் பல்லாக வரும்.

காலை ஏழிலிருந்து பத்து, மாலை நான்குக்கு மேல் என்று வேலை நேரம் வைத்துக்கொள்ளுங்கள். சுட்ட சுவரில் பெயின்ட் பிரஷ்ஷிலேயே காய்ந்து, விட்டுத் தொடங்கிய இடமெல்லாம் தழும்பாகத் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் தொடங்காதீர்கள். தை முதல் பங்குனி வரை நல்ல காலம்.

முடிந்ததும் நேர் எதிரே நின்று ஒரு படம், பேருந்திலிருந்து ஒரு படம் எடுத்து வையுங்கள், அடுத்த முறை எழுத்தைப் புதுப்பிக்கும்போது அளவு கைவசம் இருக்கும். கல்லாவில் ஒரு நோட்டு வைத்து, புதிதாக வருகிறவரிடம் "எதைப் பார்த்து வந்தீங்க?" என்று கேட்டு ஒரு கோடு போடச் சொல்லுங்கள். மூன்று மாதத்துக் கோடுகளை எண்ணிப் பார்த்துவிட்டு, வீட்டுக்காரரிடம் அடுத்த வருஷ வாடகை பேசலாம்.